மலிவாக எழும்பிய பாலர் பள்ளி

ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் அலுவலகம். நல்ல காலத்தில் நான் சொல்லும் தொகையைக் கேட்டு உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள். மந்தமான காலத்தில் அதே ஆட்கள் என்னைக் கொண்டாடுவார்கள். நாட்டில் வேலை குறைந்தால் கட்டடம் மலிவாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெகுநாள் வரை என் நம்பிக்கையும் அதுதான்.

பெருந்தொற்றுக்காகப் போட்ட நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த சமயம், கிள்ளானுக்கு வடக்கே மேருவில் ஒரு பாலர் பள்ளி கட்ட டெண்டர் விட்டோம். வழக்கமாக நாலு பேர் விலை கொடுத்தாலே பெரிய விஷயம். அன்று பதினோரு பேர். எல்லாரையும்விடக் குறைவாகக் கேட்டிருந்தவர் கிள்ளானைச் சேர்ந்த ஒரு சிறு கட்டடக் குத்தகையாளர். அறுபதை நெருங்கியவர், எனக்குப் பல வருடப் பழக்கம். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் விலை என் மதிப்பீட்டைவிடக் கால் பங்கு குறைவு. புரட்டிப் பார்த்தால், சாரம் கட்டும் செலவுக்கு ஒரு காசும் போடவில்லை. மேற்பார்வைக்கும் போடவில்லை.

எழுத மறந்துவிட்டீர்களா என்று கூப்பிட்டுக் கேட்டேன். மறக்கவில்லை என்றார். சாரக் கம்பிகள் அவர் கொட்டகையில் சும்மாதான் கிடக்கின்றனவாம்; சும்மா கிடப்பதற்கு எதற்குக் காசு என்றார். மேற்பார்வையை அவரே பார்த்துக்கொள்வாராம். அவரிடம் பன்னிரண்டு வேலையாட்கள் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் பத்து வருடமாகக் கூடவே இருப்பவர்கள்.

“இந்த வேல கெடைக்கலன்னா அவங்க வேற எடத்துக்குப் போயிருவாங்க மேடம். ஆளு போச்சுன்னா கம்பெனி போச்சு,” என்றார்.

அந்த விலை அவர் கையைக் கடிக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இது கட்டுப்படியாகாது என்று உரிமையாளருக்குத் தரும் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் தப்பியிருப்பார். ஆனால் உரிமையாளருக்கு உச்சி குளிர்ந்திருந்தது. எனக்கும் கெட்டிக்காரி என்ற பெயர் வேண்டியிருந்தது. அண்ணனுக்கும் உதவியாயிற்று என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு, ‘இன்றைய சூழலில் ஏற்கத்தக்க விலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கூரை போடுவதற்குள் காலம் மாறிவிட்டது. இரும்புக் கம்பி விலை ஏறியது. பெரிய கட்டுமானங்கள் திரும்பத் தொடங்கி, எங்கும் ஆள் தேடினார்கள். என்ன ஆனாலும் விலை மாறாது என்று ஒப்பந்தத்தில் எழுதியவள் நான். கூடுதல் தொகை கேட்டு அவர் அனுப்பிய கடிதத்துக்கு, அதற்கு இடமில்லை என்று பதில் எழுதியவளும் நான்தான். யாருக்காக விலையைக் குறைத்தாரோ அந்தப் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் அதிகச் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. லோரியை விற்றார். பள்ளியை முடித்துக் கொடுத்தார். கம்பெனியை மூடினார். சாவியை ஒப்படைத்த அன்று எனக்கு நன்றி வேறு சொன்னார். 

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்த வேலையின் விலைகளைச் சேமித்து வைத்து, அடுத்த மதிப்பீட்டுக்கு அவற்றைத்தான் அளவுகோலாக எடுப்போம். அவருடைய விலைகளையும் நானே கணினியில் ஏற்றினேன். பாலர் பள்ளி, மேரு, சதுர அடிக்கு இவ்வளவு என்று அங்கே இருக்கும். எந்த நிலைமையில் கேட்ட விலை என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

போன வருடம் டெங்கிலில் அதே மாதிரி இன்னொரு பள்ளி. விலை கொடுத்தவர்களில் ஒரு பெண் குத்தகையாளர் நியாயமான தொகைதான் கேட்டிருந்தார். நானோ கணினித் திரையைப் பார்த்தபடி, ரொம்ப அதிகம் என்றேன். இதே கட்டடத்தை மேருவில் எவ்வளவு குறைவாகச் செய்திருக்கிறார்கள் தெரியுமா என்று கொஞ்சம் மிரட்டலாகவே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. விலைக் கோப்பை மெதுவாக மூடினார்.

“அப்போ அவங்களையே கூப்பிடுங்க லா, மேடம். எப்படிச் செஞ்சாங்கன்னு நானும் கேட்டுக்கறேன்.”

அண்ணனின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. அழைத்தால் எடுப்பார். மேரு தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கின் வாசலில் இப்போது அவர் காவலுக்கு நிற்கிறார்.