அரைத் தட்டு தாமதம்

குடித்த கஞ்சி மூக்கு வழியாக வந்தது. பயந்து கிண்ணத்தைக் கீழே வைத்தேன். இதே நோயில் கிடப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அந்தப் பயம் அவர்களுக்குப் புரியும்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் எனக்கு டிப்தீரியா (தொண்டையில் சாம்பல் நிற ஏடு படர்ந்து மூச்சை அடைக்கும் காய்ச்சல்) வந்து போயிருந்தது. உலகச் சண்டைக் காலம். எங்கள் ஊர் அமிர்தியிலிருந்து மாட்டு வண்டியிலும், பிறகு பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸிலும் என் வீட்டுக்காரர் என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அத்தோடு முடிந்தது என்றிருந்தோம். கஞ்சி மூக்கில் ஏறிய பிறகு பேச்சு குழறியது. அடுத்த மாதம் கால்கள் துவண்டன. விரல்களால் சேலைக் கொசுவத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

மறுபடியும் வேலூர். டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் என் முட்டியில் தட்டினார். கால் அசையவில்லை.

"இது நரம்பு வாதம் (காய்ச்சலின் விஷம் நரம்பில் இறங்கிக் கை கால் செயலிழப்பது). பயப்படாதீங்க, சரியாயிடும். மாசக்கணக்குல ஆகும். தெனமும் கைகால அசைச்சிப் பழக்கணும்."

"மாதா திருவிழாவுக்குள்ள ஆயிடுமாங்க?"

"அன்னிக்கி என்ன?"

"கோலாட்டம்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் மாதா சப்பரத்துக்கு முன்னால் எட்டு ஜோடிப் பெண்கள் ஆடுவோம். என் ஜோடி செசீலி, கொழுந்தனாரின் மனைவி. ஒரே அடுப்பில் சமைக்கும் இரண்டு மருமகள்கள்; உப்புக்கும் தண்ணீருக்கும் சண்டை போட்டிருக்கிறோம். கோலை எடுத்துவிட்டால் அது வேறு. ஐந்து வருஷம் சாயங்காலம்தோறும் களத்துமேட்டில் பழகியதில், அவள் கையைப் பார்க்காமலே என் கோல் அவள் கோலிடம் போகும். என்னை அப்படி அறிந்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

நான் கட்டிலில் விழுந்ததும் என் இடத்துக்கு நாத்தனார் பிலோமி வந்தாள்.

அவள் புதுசு என்பதால் எங்கள் வீட்டு வாசலிலேயே இருவரும் பழகினார்கள்; கோல் சத்தம் உள்ளே கேட்கும். ஒவ்வொரு பிசகையும் எண்ணுவேன். பிசகு குறையக் குறைய எனக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டைதான் காரணம் என்று வீட்டில் நினைத்தார்கள்.

ஒருநாள் பிலோமி வந்து கேட்டாள். "அண்ணி, மூணாவது சுத்துல எந்தக் கோலு மொதல்ல போவணும்?"

வலது. எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"எடது," என்றேன்.

அன்று சாயங்காலம் செசீலி அலறும் சத்தம் கேட்டது. பிலோமியின் கோல் அவள் விரலில் இறங்கியிருந்தது, நகம் கருநீலமாகிவிட்டது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு என் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தாள்.

"எடதுன்னு நீதான் சொன்னியாக்கா?"

"ஆமா."

"இன்னாத்துக்கு?"

"நீ அவகூட ஆடறது எனக்குப் புடிக்கல."

எழுந்து போனாள். வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் இரண்டு ஜோடிக் கோல்கள். ஒரு ஜோடியை என் விரல்களுக்குள் வைத்து, நழுவாமல் துணியால் கட்டினாள்.

"டாக்டரம்மா கையப் பழக்கச் சொன்னாங்க இல்ல? தட்டு."

தட்டினேன். அவள் கோல் வந்து நின்று வெகுநேரம் கழித்து என் கோல் போய்ச் சேர்ந்தது. அவள் கோலை எடுக்கவில்லை. காத்திருந்தாள்.

அந்தத் திருவிழாவில் அவள் பிலோமியோடுதான் ஆடினாள். என்னை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். சப்பரம் கடந்து போகும்வரை நான் தலை நிமிரவில்லை.

ஆனால் தினமும் மத்தியானம், பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு செசீலி என்னிடம் வருவாள். முதலில் தொண்டைக்குத் தெம்பு திரும்பியது, பிறகு விரல்களுக்கு. சுவரைப் பிடித்து நின்றேன். பிறகு பிடிக்காமல் நின்றேன். அடுத்த திருவிழாவுக்குள் கிணற்றடிவரை தனியாக நடந்தேன். ஒன்று மட்டும் திரும்பவில்லை. நான் நினைப்பதற்கும் கை போவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தங்கிவிட்டது. அரைத் தட்டு இருக்கும். வரிசையில் நின்றால் மற்ற ஏழு ஜோடியையும் குலைத்துவிடுவேன் என்று நானே சேரவில்லை.

அந்த வருஷம் அவர்கள் கோலாட்டம் பழகத் தொடங்கிய முதல் நாள், களத்துமேட்டு ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். செசீலியும் பிலோமியும் எதிரெதிரே நின்றார்கள். முதல் சுற்றிலேயே கோல் தவறியது. மறுபடியும் தவறியது.

"இன்னா சின்னண்ணி, உன் கோலு லேட்டாவே வருது?" என்றாள் பிலோமி.

செசீலி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு வருஷம் எனக்காகக் காத்திருந்து பழகிய கை அது. பிறகு என் பக்கம் பார்த்தாள்.

நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

மறுபடியும் ஆரம்பித்தார்கள். நான் மனதுக்குள் எண்ணினேன். என் கணக்கில் அவள் சரியான நேரத்தில்தான் தட்டினாள்.