எடுத்துக் கொடுக்காத சொல்

இந்த நாட்டில் ஒருவர் பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் தடுமாறினால் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. பேருந்தில் ஏறிய ஒரு வயதான அம்மாள், போக வேண்டிய இடத்தின் பெயர் மறந்து ஓட்டுநர் முன் நிற்கிறார். பின்னால் நிற்கும் அத்தனை பேரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள். மரியாதையாம். நீடாமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒருவர் நின்றால் டீக்கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை ஆளுக்கொரு ஊரைச் சொல்லி, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். சில நேரம் அது தப்பான பஸ்ஸாகவும் இருக்கும். இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருஷமாகியும் என் வாய் அடங்குவதில்லை. அதை அடக்கி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நான் தஞ்சாவூரில் பி.எஸ்சி. உளவியல் படித்தவள். இங்கே ஒரு மெமரி கிளினிக்கில், ஞாபகம் குறைந்து வருபவர்களைச் சோதிக்கும் இடத்தில், உதவியாளராக இருக்கிறேன். போன அக்டோபரில் ஒரு காலை, மொழிபெயர்ப்பாளர் வராததால் டாக்டர் ஹெலன் என்னைக் கூப்பிட்டார். உள்ளே கோவிந்தராஜன் ஐயா, தன் மகன் செந்திலோடு உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்த பிறகு ஊரில் தனியாக இருந்து மூன்று ஏக்கர் பயிர் பார்த்தவர். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே வயலுக்குப் போய்விட்டார், இரண்டு தடவை. இரண்டாம் தடவை பக்கத்து வீட்டார் கதவை உடைத்துத் தீயை அணைத்தார்கள். செந்தில் போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டார். டாக்டர் நார்மல் என்று சொன்னால் தை அறுப்புக்கு அனுப்பிவைப்பதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"எந்த ஊரும்மா நீ?" என்றார் ஐயா.

"நீடாமங்கலம்தாங்க."

அவர் முகம் மலர்ந்தது. மகன் ஃபோனைப் பார்க்கும் நேரம் பார்த்துக் குனிந்தார். "அப்ப நம்ம ஊட்டுப் புள்ள. எங்க ஊரு அதுக்குப் பக்கந்தான். எப்படியாச்சும் பாஸ் பண்ணி உட்ரும்மா. நான் ஊரு போய்ச் சேரணும்."

சோதனை தொடங்கியது. மூன்று சொற்களை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். குடை, சாவி, ரோஜா. பிறகு, இப்போது என்ன பருவம் என்று ஹெலன் கேட்டார். "சம்பா நடவு முடியிற சமயம்" என்றார் ஐயா. மொழிபெயர்த்தேன். ஹெலனின் பேனா நின்றது. "அவருக்குத் தெரியவில்லை, இல்லையா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் பக்கத்தில் பருவத்துக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது, இந்தத் தாளை எழுதியவர் வயல் பார்க்காதவர் என்று சொல்லிவிட்டேன். ஹெலன் வருத்தம் தெரிவித்து மார்க் போட்டார். சோதனை எந்த ஊரில் தயாரானதோ அந்த ஊர்க்காரருக்கே அது சாதகம் என்று படித்தது வீண்போகவில்லை. ஐயா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நான் அவர் கட்சி என்று முடிவு செய்துவிட்டார்.

கடிகாரம் வரையச் சொன்னபோது எண்கள் எல்லாம் ஒரே பக்கம் போய் ஒதுங்கின. கடைசியாக அந்த மூன்று சொற்கள்.

"குடை... சாவி..."

மூன்றாவது வரவில்லை. அவர் கண் என் முகத்துக்கு வந்தது. என் கழுத்தில் பூப்போட்ட ஸ்கார்ஃப். விரலால் தொட்டால் போதும்.

கல்லூரியில் இரண்டாம் வருஷப் பிராக்டிகலில் நான் அதைச் செய்திருக்கிறேன். ஞாபகச் சோதனைக்கு என் சித்தப்பாவை அழைத்துப் போனேன். பத்துச் சொற்களில் நாலோடு திணறினார். மனசு கேட்காமல் உதட்டை அசைத்து அசைத்துப் பத்தையும் சொல்ல வைத்தேன். தேர்வாளர் மேடம் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துவிட்டு, "இது அவரு ஞாபகமா, உன் ஞாபகமா?" என்று கேட்டார். "நாளைக்கு நெஜமாவே ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா, அதையும் இப்படித்தான் மறைப்பியா?" அன்றைக்கு ரயிலில் வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். பூட்டிய வீட்டுக்குள் பால் கருகும் வாசனை எனக்கு வந்தது. முகத்தில் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா..." என்றார்.

அதையும் மொழிபெயர்க்க வேண்டும். "என்னைக் கூப்பிடுகிறார்" என்று ஹெலனிடம் சொன்னேன்.

"வரலம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்கேன் எல்லாம் இனிமேல்தான், ஆனால் இவர் இனித் தனியாக இருக்கக் கூடாது என்றார் ஹெலன். அதை அவரிடம் சொல்ல வேண்டியவளும் நானேதான்.

"தனியா இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்க ஐயா."

"டாக்டர் சொல்றாங்களா, நீ சொல்றியா?"

வெளியே வரும்போது ஹெலன் என் தோளைத் தட்டி, மிக நன்றாக நடுநிலை காத்தாய் என்று பாராட்டினார். நன்றி சொன்னேன். அவர் மேல் அவ்வளவு எரிச்சல் எனக்கு என்றும் வந்ததில்லை.

செந்தில் காரை எடுத்துவரப் போனார். வாசலில் ஐயாவும் நானும் மட்டும். அவர் முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு, "எங்கம்மா படிச்ச, தஞ்சாவூருலயா? ரயில்லயா போன?" என்றார்.

"ஆமாங்க, மூணு வருஷம்."

"நீடாமங்கலம் தாண்டுனா அடுத்த ஸ்டேஷன் எது?"

சாலியமங்கலம் என்று வாயெடுத்தேன். இல்லை, அது அப்புறம். தினமும் இரண்டு தடவை கடந்த ஸ்டேஷன். மஞ்சள் பலகை தெரிகிறது, அதில் எழுத்தைக் காணோம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வைத்திருந்த அதே முகத்தை அவரும் வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து, சத்தம் வராமல் உதட்டைக் குவித்தார். "கோ..."

"கோவில்வெண்ணி" என்றேன்.

கார் வந்து நின்றது. "நீ பாஸும்மா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.