இடது காதில் ஒரு குரல்

மகர்பட்டா அரங்கொன்றில் சிதார் கச்சேரியை வி.ஆர். வீடியோவுக்காக ஒலிப்பதிவு செய்தேன். முன்வரிசை நாற்காலியில், இரண்டு காதிலும் மைக் பொருத்திய பொம்மைத் தலையை வைத்திருந்தேன். அரங்கில் இருக்கை காட்டுபவர் தேஹு ரோடு பகுதியில் குடியேறிய தமிழர். மூக்கு நுனியில் கண்ணாடி. எதையும் காதோரம் குனிந்துதான் சொல்வார்.

“இது எதுக்குங்க?”

“இதுக்குக் கேக்குறது அப்படியே வீடியோ பாக்குறவங்களுக்கும் கேக்கும்.”

“அப்ப இவரும் ஆடியன்ஸ்தான்” என்றார்.

மறுநாள் அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டேன். சிதார் மெலிந்து அடங்கும் இடத்தில், தலைக்குப் பக்கத்து இருக்கைக்காரரிடம் இருக்கை காட்டுபவர் மராத்தியில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு என் இடது காதில் மூச்சுக்காற்று. என்னோடு வந்த தலை என்பதால் தமிழிலேயே சொன்னார்.

“சார், போன ஆஃப் பண்ணிருங்க.”

ஆஃப் செய்துவிட்டுத்தான் மீதியைக் கேட்டேன்.