பின்பாக்கெட்டுப் பட்டன்

வேலை பார்த்த தையற்கடையிலிருந்து விரட்டப்பட்டு, கருவடிக்குப்பத்திலிருக்கும் என் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். என்ன தவறு செய்தேன் என்றே விளங்கவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பழைய பட்டாளத்துக்காரரின் கால்சட்டை பழுதுபார்க்க வந்திருந்தது; அதில் பின்பாக்கெட் இல்லை. முன்பு தைத்தவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, பட்டனோடு ஒன்று தைத்துக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

வழியில் அவர் மனைவி மறித்தார். "நாளெல்லாம் உக்காந்தே இருக்கறவருக்குப் பின்னாடி பட்டன் எதுக்குடா? அழுத்திப் புண்ணாயிடுச்சி!"

"வலிச்சப்பவே கழட்டியிருக்கலாமேக்கா?"

"இடுப்புக்குக் கீழ மரத்துப்போன மனுசனுக்கு வலி எப்பிடித் தெரியும்?"

என் கால்சட்டையின் பின்பாக்கெட்டுப் பட்டனைத் தொட்டுப் பார்த்தேன்.

"முழிக்காத. புண்ணு ஆறுற வரைக்கும் அவரத் தூக்கிப் பொரட்டிப் படுக்கவைக்க ஆளு வேணும். காலைல வந்துடு."

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். இப்போதெல்லாம் எந்தத் துணியையும் அவருக்கு உடுத்துமுன், உட்புறத் தையல் முழுவதையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். உறுத்தினால் எனக்குத்தானே தெரியும்.