மச்சானைப் படித்த பிள்ளைகள்

1994 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு இல்ஃபோர்டில் என் தங்கை வதனாவின் வீட்டிலிருந்து இருவரும் புறப்பட்டோம். நான் சென்னையிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கிருந்து பாதாள ரயில், பிறகு தூறலில் நடை.

போன இடம் ஒரு பல்கலைக்கழகம். அவளுடைய கணவர் சிவபாதம் முந்தைய ஆண்டு மாரடைப்பில் இறந்தார். தன் உடலை அங்குள்ள மருத்துவ மாணவர்களின் படிப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு லண்டன் வந்தவர். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. வருகிற வருடம் திரும்பப் படிக்கப்போகிறேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உடல் தந்தவர்களின் குடும்பங்களுக்கு மாணவர்கள் நன்றி சொல்லும் கூட்டம் அன்று.

மற்ற பல்கலைக்கழகங்கள் மதம் பார்த்த காலத்திலேயே எல்லாரையும் சேர்த்துக்கொண்ட இடம் இது என்று வாசற்காவலர் பெருமையாகச் சொன்னார். அகன்ற படிகளில் மாணவர்கள் தூறலையும் பொருட்படுத்தாமல் சாண்ட்விச் தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டதும் வதனா நின்றுவிட்டாள்.

"நான் உள்ள வரேல்லை, அண்ணை. நீங்க போட்டு வாங்கோ."

"ஏன் பிள்ளை?"

"கொள்ளி வைக்கவும் எனக்குக் குடுத்து வைக்கேல்லை. அவரை வெட்டின ஆக்களின்ரை முகத்தை என்னெண்டு பாக்கிறது?"

"ஏலாட்டி விடு, திரும்பிப் போவம்."

சற்று நேரம் நனைந்தபடி நின்றாள். பிறகு எனக்கு முன்னால் அவளே படியேறினாள்.

மண்டபத்தில் ஒரு மாணவி பெயர்களை வாசித்தாள். 'சிவபாதம்' வந்தபோது நிதானித்து, எழுத்தெழுத்தாக, சரியாகச் சொன்னாள். வதனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேநீர் வேளையில் அவளே அந்த மாணவியிடம் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்: "என் கணவரை நீ பார்த்தாயா?"

"எங்களுக்குப் பெயர் சொல்வதில்லை. யாருடைய உடல் எந்த மேசையில் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மன்னியுங்கள்."

வதனா கோப்பையை வைத்தாள். அந்தப் பெண்ணின் இரு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அடுத்த மாணவனின் கைகளை. அப்படியே ஒவ்வொருவராக. சிலர் திகைத்தார்கள். உயரமான ஒருவன் அழுதான்.

"ஆரின்ரை கை எண்டு தெரியாதே, அண்ணை" என்றாள் என்னிடம்.

வீடு வந்ததும், சுடலையிலிருந்து திரும்பியவள்போல் யாரையும் தொடாமல் குளியலறைக்குப் போனாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் அழுகை கேட்டது. அவர் இறந்த பிறகு வாய்விட்டு அழுதது அன்றுதான் என்று பின்னர் அவளே சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஹீத்ரோவில் என்னை வழியனுப்பும்போது, எதையோ யோசித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"அந்தப் பிள்ளையளுக்கு இப்ப சோதினை நடக்கும். எல்லாரும் பாஸ் பண்ணவேணும், அண்ணை."