ஒன்று போனால் இன்னொன்று

அக்கா வீட்டிலிருந்து அவன் சாப்பிடாமல் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தட்டு வைத்தாகிவிட்டது, பசியில்லை என்றான். அக்கா வாசல்வரை வந்து, "என்னாலதான் உனக்கு வீண் அலைச்சல்" என்றாள். அவன் பையின் ஜிப்பை இழுப்பதிலேயே கண்ணாக இருந்தான்.

பம்பு தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன் அவன். வாஷருக்கும் பேரிங்குக்கும் நடுவே நாள் போகும். ஆனால் சொந்தக்காரர்களிடம் அவன் பெயர் 'கம்ப்யூட்டர்காரன்'. சித்தப்பாவின் பிரிண்டரை ஒருமுறை இரண்டு தட்டுத் தட்டி ஓடவைத்ததில் வந்த பட்டம் அது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அவனுக்கே தெரியும். இருந்தாலும் அந்தச் சர்க்கரையின் ருசி பிடித்துப்போயிருந்தது.

அக்கா வீட்டிலேயே எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறாள். பூ, கொடி, மயில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அவளே வரைந்து மெஷினுக்கு அனுப்புவாள். பழைய பெட்டி முக்கி முனகத் தொடங்கியதும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கத் தம்பியைக் கூப்பிட்டாள். எள் என்பதற்குள் எண்ணெயாக வந்து நின்றான். மற்றதெல்லாம் கடைக்காரர் சொன்னபடி முடிந்தது. டிஸ்க்கில் மட்டும் அவன் தன் கைவரிசையைக் காட்டினான். விண்டோஸுக்கு வேகமான எஸ்எஸ்டி ஒன்று. டிசைன்களுக்கு ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் பதிகிற மாதிரி. ஏதோ வீடியோவில் பார்த்தது.

டிசைன்களைப் புதியதில் ஏற்றியதும், பழைய பெட்டியின் டிஸ்க்கை அப்படியே பீரோவில் போட்டுவைக்கலாமே என்று அத்தான் இழுத்தார்.

"புதுச் செருப்பு வாங்கினப்புறம் பழசைக் கையில தூக்கிட்டு நடப்பீங்களா அத்தான்?"

அக்கா சிரித்தாள். அத்தானும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார். "எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கும்க்கா. ஒண்ணு போனா இன்னொண்ணு. நிம்மதியாத் தூங்கு" என்றான். பழைய டிஸ்க்கைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், அதிலிருந்ததையெல்லாம் அழித்துவிட்டுச் சினிமாக்களை ஏற்றிக்கொண்டான்.

அக்கா அவன் சொன்னதை அப்படியே நம்பினாள். இடம் நிரம்பிவிட்டதாக ஒருநாள் எச்சரிக்கை வந்ததும், இன்னொன்றில்தான் இருக்கிறதே என்று பழைய டிசைன்களை மொத்தமாக அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்தாள். ஒன்றில் அழித்தது அதே நொடியில் மற்றதிலும் அழிந்தது. மீசையை எடுத்தவனுக்குக் கண்ணாடியில் மட்டும் மீசை இருக்குமா?

"அந்த இன்னொண்ணு எங்கடா இருக்கு?" என்று போனில் கேட்டபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. மறுநாள் பஸ் பிடித்து வந்து, அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை ஓட்டினான். தேறியவை பாதிப் பூவும் தலையில்லாத மயிலும்தான்.

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

அக்காவின் முகம் சுருங்கியது. "தப்புதான். புரியாததை நான் தொட்டிருக்கக் கூடாது."

அத்தான் மெதுவாக, அந்தப் பழைய டிஸ்க் என்று ஆரம்பித்தார். அது அப்போதே கெட்டுப்போய்விட்டது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். பதிலுக்குக் கேலி செய்ய அத்தானுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவர் செய்யவில்லை; அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகுதான் அக்கா தட்டு வைத்தாள்.

வீடு திரும்பியதும் சினிமாக்களை அழித்துவிட்டு அந்தப் பழைய டிஸ்க்கையும் துழாவினான். ஒன்றும் மிஞ்சவில்லை. அதன்பின் யார் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கிடங்கில் கணக்கெடுப்பு என்று நழுவினான். அக்கா முன்பு தைத்துவைத்த சாம்பிள் துணிகளை மேஜையில் விரித்து, ஒவ்வொரு கொடியாக மறுபடி வரைகிறாள் என்று அம்மா சொன்னாள். தன் கைதான் சும்மா இருக்கவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறாளாம். அம்மா பேசி முடிப்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. கிடங்கில் பேரிங் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"என் பெரிய பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும். கடையில என்னென்னவோ டிஸ்க் காட்டுறாங்க. உன்னைக் கேக்காம வேண்டாம்னுட்டேன். நான் தெரியாமத் தொட்டாலும் கெடுக்க முடியாத மாதிரி ஒண்ணு பாத்துச் சொல்லுடா."