விளக்கு வைக்கப் போனபோது கட்டிய துணி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது, எது முந்தி எது பிந்தி என்று தடுமாறும். ஆனால் அந்தத் துணிகள் மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கும் கண்ணுக்குள் கொடியில் ஆடுகின்றன.

எங்கள் ஊர் பள்ளத்தூருக்குப் பக்கம். விவசாயக் குடும்பம். நானும் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தோம். அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அவள் கணவர் மலேயாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். என்னவர் இங்கேயே வயலும் மாடுமாக இருந்தார்.

இரண்டு பேருக்கும் வெகுநாள் பிள்ளையில்லை. எங்கள் மாமியாரை அயித்தை என்போம். அயித்தை மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் போய், குளத்தங்கரையிலிருந்து ஒரு விளக்கை எடுத்து வந்து சாமி மாடத்தில் வைத்தார்கள். வேண்டியது கிடைத்துவிட்டால், பிறகு வருகிற மாசியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த விளக்கை அதே கரையில் ஏற்றி வைக்க வேண்டும். மலேயாக்காரரும் லீவில் வந்து போனார். அடுத்த மாசியும் கழிந்து, அக்காவுக்கு ஆவணியில் பையன் பிறந்தான், எனக்குப் புரட்டாசியில் பெண் பிறந்தாள்.

விளக்கு ஒன்று, பிள்ளை இரண்டு. விளக்கு வைக்கும்போது மடியில் இருக்கிற பிள்ளையைத்தான் விளக்குப் பிள்ளை என்பார்கள். அது என் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாய் திறந்து யாரிடமும் கேட்கிற ஆள் இல்லை நான்.

பிள்ளைகளுக்குக் கட்ட மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்து வைத்திருந்தோம். கஞ்சி எல்லாம் போய், பூ மாதிரி ஆகிவிட்ட வேட்டிகள். ஒரு துண்டை முக்கோணமாக மடித்து, கீழ்முனையைக் காலுக்கிடையில் மேலே கொண்டுவந்து, பக்க முனைகளை இடுப்பில் முடிச்சுப் போடுவேன். என் மகள் போட்ட மறுநிமிடம் நனைத்துவிடுவாள். கிணற்றடிக்கும் கொடிக்கும் நடந்தே என் பொழுது போனது. அக்காவுக்கும் இதே பாடுதான். அது ஒரு ஆறுதலாக இருந்தது.

பிறகு தை மாதம் மலேயாவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்று சதுரத் துணிகள். டர்க்கி டவல் மாதிரி மேலெல்லாம் நூல் எழும்பி, கை வைத்தால் புதையும். கூடவே ஊக்குகள். ஊக்கின் தலையில் மஞ்சளாக ஒரு வாத்து.

"இதுக்குப் பேரு நாப்கினு. ஒண்ணைக் கட்டுனா போதுமாம், ஒரு சொட்டு வெளிய வராதாம்" என்றாள் அக்கா.

அந்த வாத்து ஊக்கில் ஒன்றையாவது எடுத்துக்கோ என்று சொல்வாள் என நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது செட்டாத்தேன் இருக்கணும், பிரிக்கக் கூடாதாம்" என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். என் கொடியில் தொங்கிய வேட்டித் துண்டுகளை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கந்தல் என்று நினைத்தேன்.

தெப்பம் நெருங்கியது. அயித்தை பட்டுச் சேலையை வெயிலில் போட்டுக்கொண்டே சொன்னார்கள்: "நான் பயலையே மடியில வச்சுக்கிறேன். அவனுக்குத்தேன் சீமைத்துணி இருக்கே. உம்மக கம்மாய் மாதிரில்ல பெருக்கிவிடுவா? சாமி காரியத்துல மடி நனையக் கூடாதுத்தா."

"சரி அயித்தை" என்றேன். வேறென்ன சொல்வது? அடுப்படிக்குப் போய்ப் புகை பட்டதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா பின்னாலேயே வந்து, "பொம்பளைப் புள்ளைக்கு ஏன்டி இம்புட்டுப் போட்டி?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

எங்கள் பக்கம் புதுத்துணியை நனைத்துவிட்டுக் கட்டுகிற வழக்கம் கிடையாது. மூலையில் மஞ்சள் வைத்து அப்படியே கட்ட வேண்டும். அதுவரை பூட்டியே வைத்திருந்த அக்காவும் அப்படித்தான் செய்தாள். பெட்டியிலிருந்து எடுத்த மொடமொடப்போடு, நாலு மூலையிலும் தாராளமாக மஞ்சள் தடவி, வாத்து ஊக்குக் குத்திப் பையனைத் தயார் செய்தாள். அவன் குட்டி ஜமீன்தார் மாதிரி இருந்தான். நான் என் மகளுக்கு இரண்டு வேட்டித் துண்டைச் சேர்த்து மடித்துக் கட்டினேன்.

காரைக்குடி போய் பஸ் மாறித் திருக்கோஷ்டியூர் போனோம். வழியெல்லாம் பையன் அயித்தை மடியில் தூங்கினான். நான் பின் சீட்டிலிருந்து அந்த மடியையே பார்த்துக்கொண்டு போனேன்.

குளத்தங்கரையில் எள் போட இடமில்லை. அயித்தை கூட்டத்துக்குள் இடம் பிடித்து உட்கார்ந்து, ஒரு கையில் விளக்கும் மடியில் பையனுமாக எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். அப்போதுதான் பையன் ஒண்ணுக்கு இருந்துவிட்டான். அந்தப் புதுத்துணி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. சேம்பிலையில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அவன் தொடையோடு ஓடி, மூலை மஞ்சளையும் கரைத்துக்கொண்டு, அயித்தையின் வெங்காயக் கலர் பட்டில் திட்டுத் திட்டாக இறங்கியது.

பக்கத்தில் விளக்கு வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்துவிட்டாள். "தெப்பம் அங்குட்டு மிதக்குது, நீங்க இங்குட்டே மிதக்குறீகளே ஆத்தா!" சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அயித்தை பையனை அக்காவிடம் நீட்டி, "பிடிடீ ஒஞ் சீமைத்துணிய! சின்னவளே, உம்மகள இங்குட்டுக் குடு" என்றார்கள்.

கொடுத்தேன். என் மகள் அந்த மடியில் போய் உட்கார்ந்தாள். ஈரப் பட்டுதான், இருந்தால் என்ன? அவள் நனைக்கவில்லை. விளக்கைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். எனக்குக் குளமே என் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது.

பையன் குளிரில் கத்தினான். அக்கா என் பைப் பக்கம் கை நீட்டி, "ஒரு துணி இருந்தாக் குடுடி" என்றாள். செட்டைப் பிரிக்கக் கூடாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளையின் அழுகைக்கு முன்னால் வாய் வரவில்லை. ஒரு வேட்டித் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் கப்பென்று அடங்கினான். அயித்தை திரும்பிப் பார்த்து, "அடங்கிட்டானா? அவனையும் குடுங்கத்தா, ரெண்டுந்தேன் இருக்கட்டுமே" என்று மறு தொடையில் வாங்கிக்கொண்டார்கள். என் துணியைக் கட்டிக்கொண்டு என் மகளின் இடத்தில் பாதியைப் பிடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு யாரோ சொல்லி, அந்த நாப்கின்களை வெந்நீரில் போட்டு, அலசிக் காயவைத்து, திரும்பத் திரும்ப அப்படியே செய்தாள் அக்கா. பஞ்சு மாதிரி ஈரத்தைக் குடிக்க ஆரம்பித்தன. அப்போதும் எனக்கு ஒன்று கொடுக்கவில்லை. பையன் வளர்ந்ததும் கானாடுகாத்தானில் இருந்த தன் தங்கைக்கு ஊக்கோடு அனுப்பிவிட்டாள்.

எங்களுக்குள் வழக்கு மட்டும் தீரவில்லை. பையன் மடிக்கு வந்த பிறகுதான் அயித்தை விளக்கைத் தரையில் வைத்தார்கள், அதனால் இரண்டும் விளக்குப் பிள்ளைதான் என்கிறாள் அக்கா. இல்லை. விளக்கைத் தரையில் வைத்தபோது மடியில் என் மகள் மட்டும்தான் இருந்தாள். திரி எரிய ஆரம்பித்துவிட்டது, நான் பார்த்தேன். அன்றைக்கு எங்களோடு வந்த என் நாத்தனார் திருப்பத்தூரில் இன்னும் நல்ல நினைவோடு இருக்கிறாள். இதைப் படிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது போய் அவளிடம் விசாரித்து, நான் எழுதியதில் பிசகு இருந்தால் திருத்துங்கள். அக்கா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.